திங்கட்கிழமையைத் தாங்குமா இந்தத் தீம்?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மாணவர் கைக்கு வந்த கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று, டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. விலை குறைந்த பதிப்பு என்பதால் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைப் பூட்டி வைத்தே விற்றது. கணினியை ரீஸ்டார்ட் செய்து பாஸ் பக்கம் போனால் நிலைமை நேர்மாறு. வால்பேப்பர், ஐகான், விண்டோவின் ஓரம், பட்டனின் நிறம், மவுஸ் அம்பு என எதை வேண்டுமானாலும் மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பதினேழு வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு கணினியைக் கொடுத்தால் முதலில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாடத்துக்கு முன்னால் அலங்காரம்தான். அதில் தவறும் இல்லை. கணினிக்குள் கை வைக்கலாம், எதுவும் வெடித்துவிடாது என்ற தைரியத்தைப் பலருக்கும் தந்தது தீம் மாற்றும் விளையாட்டுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு தீம் நல்லதா இல்லையா என்று தீர்மானிக்கும் இடத்தில். அந்தத் தீர்ப்பை இன்றுவரை வழங்குவது ஒரே சாட்சி: ஸ்கிரீன்ஷாட்.

தீம் பகிரும் தளம் எதைத் திறந்தாலும் காட்சி ஒன்றுதான். மலையும் மூடுபனியுமாக ஒரு வால்பேப்பர், அதன்மேல் பாதி ஒளி ஊடுருவும் ஒரு விண்டோ, ஓரத்தில் ஒரு கடிகாரம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிளேயர். அந்த விண்டோவில் நாலைந்து ஃபோல்டர்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில் ஆங்கிலப் பெயர். ஒரு பிழைச் செய்தி இருக்காது, நிரப்பப்படாத ஒரு படிவம் இருக்காது, நாற்பது வரிசை கொண்ட ஒரு அட்டவணை இருக்காது. கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக் குடித்தனத்துக்கு மார்க் போடுவதுபோலத்தான் இந்தத் தீர்ப்பும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1995-ல் விண்டோஸ் 95-உடன் தனியாக விற்கப்பட்ட ‘பிளஸ்!’ தொகுப்புதான் டெஸ்க்டாப் தீம் என்ற ஆசையை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 1998-ல் வினாம்ப் பிளேயரின் இரண்டாம் பதிப்பு ஸ்கின் மாற்றும் வசதியோடு வந்தது. 2000 ஆகஸ்டில் தொடங்கிய டீவியன்ட்ஆர்ட் இன்று ஓவியர்களின் தளம். ஆனால் அது முளைத்தது இந்த ஸ்கின்களையும் தீம்களையும் பகிர்ந்துகொள்ளத்தான். படம் பகிரும் இடத்தில் பிறந்த கலைக்குப் படமே அளவுகோலானது. சின்னப் படத்தில் கண்ணைப் பறிப்பது அதிகம் டவுன்லோடு ஆகும். அதிகம் டவுன்லோடு ஆனது முதல் பக்கத்தில் நிற்கும். அடுத்த தீம் செய்பவர் அதைப் பார்த்துச் செய்வார். தீமுக்குள் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்த்தவரின் ஓட்டு இந்தச் சங்கிலியில் எங்கும் விழுவதில்லை.

அந்த ஓட்டு எங்கே கிடைக்கும்? வேங்கிக்காலில் கிடைக்கும்.

திருவண்ணாமலையை ஒட்டி வேலூர் சாலையில் இருக்கும் வேங்கிக்காலைக் கிரிவலம் வருபவர்கள் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவர்கள் கண் மலைமேல். மாவட்டத்து மக்களுக்கோ வேங்கிக்கால் என்றால் கலெக்டர் ஆபீஸ். 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உருவானது. அதன் ஆட்சியர் அலுவலகம் இருப்பது இங்கேதான். திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். செங்கத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் மனுவோடு வருவார்கள். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், பாதைத் தகராறு, வீட்டுமனை. இந்த மாதிரி அலுவலகங்களைச் சுற்றி எந்த ஊரிலும் ஜெராக்ஸ் கடையும் டிடிபி கடையும் இருக்கும். மனு டைப் செய்துதர ஆள் இருப்பார்கள். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். வெயில் நேராக மானிட்டரில் அடிக்கும். மானிட்டர் பெரும்பாலும் 1366க்கு 768 பிக்சல் உள்ள பழைய ரகம். முன்னால் வரிசை நிற்கும்.

ஒரு தீமைச் சோதிக்க இதைவிடக் கறாரான ஆய்வுக்கூடம் கிடையாது. இந்தக் கட்டுரையின் வாதமும் அதுதான்: தன் சொந்தக் கணினியில் ஒருவர் எந்தத் தீமையும் போட்டுக்கொள்ளலாம், அவர் ரசனை, யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அரசு வாங்கும் கணினியிலோ, பள்ளி ஆய்வகத்திலோ, சேவை மையத்திலோ ஒரு தீமை நிறுவி அதையே எல்லாரும் பயன்படுத்தச் செய்பவர், படத்தைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அது தாங்குகிறதா என்று காட்ட வேண்டும்.

முதலில் எழுத்து. தீம் செய்பவர்கள் அநேகமாக லத்தீன் எழுத்தை மனதில் வைத்தே அளவெடுக்கிறார்கள். தமிழ் உள்ளே வந்ததும் தையல் பிரிகிறது. ‘கூ’, ‘ழு’, ‘ஞூ’ போன்ற எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கும். ‘கி’, ‘கீ’ மேலே எழும்பும். பட்டனின் உயரத்தை இத்தனை பிக்சல் என்று இறுக்கி வைத்த தீமில் காலோ தலையோ வெட்டுப்படும். ‘மு’ என்று அடித்தது ‘ம’ போலத் தெரிந்தால், முருகனும் மருகனும் ஒன்றாகிவிடுவார்கள். பெயரில் ஓரெழுத்துப் பிழை வந்தால் சான்றிதழைத் திருத்த எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது சுழி. ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. ஒன்பது பாயின்ட் அளவில், மங்கலான சாம்பல் நிறத்தில், அந்த மூன்றாவது சுழி இருக்கிறதா இல்லையா என்று மூக்கு மானிட்டரில் முட்டும்வரை குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். தலைப்புப் பட்டையில் தடித்த எழுத்து வரட்டும் என்று தீம் சொல்கிறது. ஆனால் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணினி தானே மெல்லிய எழுத்தை ஊதித் தடிக்க வைக்கும். ஊதியதும் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும். ‘ண’வும் ‘ன’வும் ஒரே கரும்புள்ளி.

எழுத்துரு விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில தீம்கள் தங்களோடு ஓர் எழுத்துருவையும் பெயர் சொல்லிக் கட்டிவிடுகின்றன. ரோபோட்டோ அப்படி அடிக்கடி வரும் பெயர். அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. உடனே கணினி தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை இழுத்துக்கொண்டு வரும்; அது லோஹித்தாக இருக்கலாம், நோட்டோவாக இருக்கலாம். இரண்டின் உயரமும் கனமும் வேறு. ‘ஃபார்ம் 16’ என்ற ஒரே வரியில் எண் ஒரு பருமனிலும் எழுத்து வேறு பருமனிலும் நிற்கும். விண்டோஸ் இந்த வகையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. லதாவை வைத்துப் பல ஆண்டு ஓட்டிவிட்டு, 2012-ல் விண்டோஸ் 8-ல் நிர்மலா யூஐ என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தது. மெனுவுக்கும் பட்டனுக்கும் என்றே வரையப்பட்ட எழுத்துரு என்பதால் சின்ன அளவில் அது முன்னதைவிடத் தெளிவு. ஆப்பிள் கணினிகளில் தமிழ் சங்கம் எம்என் என்ற பெயரில் இருப்பது மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடிவமைத்தது. இப்படி ஒருவர் உட்கார்ந்து சுழி சுழியாகச் செய்த வேலையை, தீம் கோப்பின் ஒற்றை வரி தூக்கிக் கடாசிவிடும்.

ஆங்கிலத்தில் தலைப்பைத் தனித்துக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு: எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டுவிடலாம். பல நவீன தீம்கள் பக்கப் பட்டையில் உள்ள பிரிவுத் தலைப்புகளை இப்படித்தான் பிரித்துக் காட்டுகின்றன. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. டெஸ்க்டாப்பைத் தமிழுக்கு மாற்றியதும் தலைப்பும் அதன்கீழ் வரும் வரிகளும் ஒரே மாதிரி ஆகி, எது தலை, எது வால் என்று தெரியாமல் போகும். சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் அபூர்வம் என்பதால், கணினி நேர் எழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும். இதை எந்த ஸ்கிரீன்ஷாட்டும் காட்டாது.

நீளமும் சேர்ந்துகொள்கிறது. க்னோம் டெஸ்க்டாப்பின் தமிழ் மெனுக்களில் சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து நிற்பதைப் பார்த்திருக்கலாம். விசைப்பலகையிலிருந்தே மெனுவைத் திறப்பதற்கான குறுக்குவழி அது. ஏற்கெனவே நீண்ட சொல், அதன்மேல் இந்த வால். பட்டனின் அகலத்தை முன்கூட்டியே கட்டிப்போட்ட தீமில் ‘சேமிக்காமல் மூ…’ என்று மூன்று புள்ளியோடு நின்றுவிடும். ‘மூடு’வா, ‘மூடாதே’வா? அவசரத்தில் யார் யோசிப்பார்கள். அரை மணி நேரம் அடித்த மனு போயே போகும்.

நிறத்துக்கு வந்தால், இங்கே மட்டும் கையில் எண் இருக்கிறது. இணைய உள்ளடக்கத்தை எல்லாரும் பயன்படுத்துவதற்கான உலகளாவிய வழிகாட்டி நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளைமேல் கறுப்பு 21-க்கு 1. பட்டனின் ஓரம், டிக் பெட்டியின் கோடு போன்றவற்றுக்கு 3-க்கு 1 போதும் என்று 2018-ல் வந்த 2.1 பதிப்பு சேர்த்தது. வெள்ளைமேல் ‘999’ என்ற குறியீட்டுச் சாம்பல், தீம் செய்பவர்களுக்குச் செல்லமான நிறம், 2.85 மட்டுமே தேறும். சோலரைஸ்டு என்ற புகழ்பெற்ற நிறத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். 2011-ல் ஈதன் ஸ்கூனோவர் பதினாறு நிறங்களைக் கணக்குப் போட்டுப் பொறுக்கிச் செய்தது. நிரலாளர்கள் கொண்டாடிய வேலை. அதன் வெளிர் வடிவத்தில் வழக்கமான எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.13. நெறிப்படி ஃபெயில்.

அப்படியானால் சோலரைஸ்டு மட்டமா? இல்லை. கண்ணைக் குத்தும் வேறுபாட்டைக் குறைப்பதுதான் ஸ்கூனோவரின் நோக்கமே. மங்கிய அறையில், நல்ல மானிட்டரில், ஆங்கில எழுத்தில், இரவு முழுக்க நிரல் எழுதுபவருக்கு அது சுகம். அதே நிறங்களை வெயில் படும் இ-சேவைக் கவுன்டரில், ஐம்பது வயது கடந்த கண்ணுக்கு முன்னால், தமிழ்ச் சுழிகளோடு வைத்தால் சுகம் சித்திரவதையாகும். எண் தீர்ப்பாகாது, ஆனால் எண் இல்லாமல் ‘எனக்குப் படிக்க முடிகிறதே’ என்பதும் வாதமாகாது.

மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் 3.1-ல் ‘ஹாட் டாக் ஸ்டாண்ட்’ என்று சிவப்பும் மஞ்சளும் அப்பிய ஒரு நிறத் தொகுப்பைக் கொடுத்தது. உலகத்தின் அசிங்கமான தீம் என்று முப்பது வருடமாகக் கேலி செய்கிறார்கள். நம் ஊர்த் தேர்தல் தட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அப்படியொன்றும் அதிர்ச்சி தராது என்பது வேறு விஷயம்.

அழகான நிறத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபமான பாதி. கடினமான பாதி, நிலைகள். ஒரு பட்டன் என்பது ஒரு படம் அல்ல. சும்மா இருக்கும்போது ஒன்று, மவுஸ் மேலே வரும்போது ஒன்று, அழுத்தும்போது ஒன்று, அழுத்த முடியாதபடி முடக்கி வைத்திருக்கும்போது ஒன்று, விசைப்பலகையின் டேப் விசையால் அங்கே வந்து நிற்கும்போது ஒன்று. அரைகுறைத் தீம்களில் கடைசி இரண்டும்தான் மாட்டிக்கொள்கின்றன. முடங்கிய பட்டனும் இயங்கும் பட்டனும் ஒரே சாம்பலாக இருந்தால், ‘சமர்ப்பி’யை ஏழெட்டு முறை கிளிக் செய்துவிட்டு ‘சர்வர் டவுன்’ என்று மனுதாரரைத் திருப்பி அனுப்புவார்கள். சர்வர் பாவம், நன்றாகவே இருக்கும். மேலே ஏதோ ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்திருக்கும். டேப் விசையால் கட்டத்துக்குக் கட்டம் தாவி விவரம் ஏற்றுபவருக்கு, இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று காட்டும் வளையம் இல்லாவிட்டால் தகப்பன் பெயர் கட்டத்தில் ஊர்ப் பெயர் போய் உட்காரும். அந்த வளையம் ‘அழகைக் கெடுக்கிறது’ என்று அதை அழித்துவிட்ட தீம்கள் எத்தனையோ.

லினக்ஸில் கறுப்புத் தீம் போட்டவர்கள் பல ஆண்டு அனுபவித்த கொடுமை ஒன்று உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு படிவத்தைத் திறப்பார்கள். எழுத்தின் நிறத்தைத் தீம் வெள்ளையாக்கி வைத்திருக்கும். கட்டத்தின் பின்னணியை இணையதளம் வெள்ளையாக்கி வைத்திருக்கும். அடிக்க அடிக்க ஒன்றும் தெரியாது. வெள்ளையில் வெள்ளை. குற்றம் யாருடையது என்று தீம் செய்தவரும் உலாவி செய்தவரும் தளம் செய்தவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் பெரிய நிறுவனங்களும் உத்தமர்கள் அல்ல. விண்டோஸ் 10-ல் கறுப்பு முறை 2016-ல் வந்தது. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் கறுப்பானது 2018-ல். அதற்குப் பிறகும் ஒரு கோப்பின் பண்புகளைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று பழைய பெட்டி வந்து நின்றது. உலகத்தின் மிகப் பணக்கார மென்பொருள் நிறுவனத்துக்கே மூலை முடுக்கெல்லாம் நிறம் பூச முடியவில்லை என்றால், விடுமுறை நாளில் தனியாக உட்கார்ந்து செய்யும் ஒரு மாணவரைக் குறை சொல்வதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

கைக்கு வசதியா என்பது இன்னொரு கேள்வி. இலக்கு சின்னதாகவும் தூரமாகவும் ஆக ஆக அதைத் தொட அதிக நேரம் பிடிக்கும் என்று 1954-லேயே பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் சோதித்துச் சூத்திரம் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஒரு பிக்சல் ஓரத்தின்மேல் தீம் செய்பவர்களுக்கு இருக்கும் மோகம் தீரவில்லை. ஸுபுன்டு என்ற லினக்ஸ் விநியோகத்தோடு வரும் கிரேபேர்ட் என்ற தீம் நிறத்திலும் நிதானத்திலும் குறை சொல்ல முடியாதது. ஆனால் விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கப் போனால் மவுஸ் வழுக்கிக்கொண்டே போகும். ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு வலது பட்டனால் இழுங்கள் என்று அனுபவசாலிகள் அறிவுரை சொல்வார்கள். அந்த அறிவுரை தேவைப்படுவதே தீமின் மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ள வேண்டிய விஷயம். எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. பெரிய மானிட்டரில் உட்கார்ந்து செய்பவர் தலைப்புப் பட்டைக்கும் கருவிப் பட்டைக்கும் தாராளமாக இடம் விடுகிறார். 768 பிக்சல் உயரத்தில் மேலே ஒரு பேனல், கீழே ஒரு பேனல், இடையில் பருத்த பட்டைகள் என்று போனபின், மனுவின் ஏழெட்டு வரிகள்தான் கண்ணில் படும்.

பழக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. 2010 ஏப்ரலில் உபுன்டு லினக்ஸ் தன் பழுப்பு நிறத்தை உதறிவிட்டு ஊதாவுக்கு மாறியது. கூடவே விண்டோவை மூடும் பட்டனை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் தள்ளியது. ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், பட்டன் மறுபடி வலப்பக்கம் வந்தது. அதே உபுன்டு 2018-ல் யாரு என்ற தீமைக் கொண்டுவந்தபோது நடந்துகொண்ட விதம் வேறு. பயனர் சமூகத்தைச் சேர்ந்தவர்களே மாதக்கணக்கில் பொதுவெளியில் விவாதித்து, சோதித்து, திருத்தி உருவாக்கியது அது. இன்றுவரை அதுதான் உபுன்டுவின் முகம். படம் காட்டிக் கைதட்டு வாங்கியவை பல வந்து போய்விட்டன.

வந்து போவதற்கும் காரணம் உண்டு. க்னோம் 3 வெளியான 2011-க்குப் பிறகு, அதன் அடித்தளமான ஜிடிகே நூலகத்தின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் வெளியார் செய்த தீம்கள் உடைந்தன; 2016-ன் 3.20 பதிப்பில் பெரிய உடைப்பு. தீமுக்கென்று நிலையான ஓர் ஒப்பந்தம் அங்கே இருந்ததே இல்லை. ஆகவே ஒரு தீமைக் கையில் எடுப்பவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அதன் படம் அல்ல. கடைசியாக அது திருத்தப்பட்ட தேதி.

2019 மே மாதம் க்னோம் செயலி உருவாக்குநர்கள் பலர் சேர்ந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எங்கள் செயலிகளுக்குத் தீம் போடாதீர்கள் என்பதே சாரம். லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் அடையாளத்துக்காக ஒரு தீமைத் திணிக்கின்றன. அதனால் செயலியின் எழுத்து மறைகிறது, ஐகான் மாறிப் பொருள் கெடுகிறது. திட்டு மட்டும் செயலி எழுதியவருக்கு வருகிறது. சொந்தக் கணினியில் விளையாடுபவர்களை நாங்கள் சொல்லவில்லை என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42-ல் பல செயலிகள் லிப்அத்வைதா என்ற நூலகத்துக்கு மாறின. அதைப் பயன்படுத்தும் செயலிகள் வெளித் தீமைக் கண்டுகொள்வதே இல்லை.

நோய் சரியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்துதான் அளவு மீறிவிட்டது. திணிப்பவரைத் தடுக்கப் போய், தனக்கென்று மாற்றிக்கொள்பவரின் கதவும் சாத்தப்பட்டது. பார்வை மங்கியவர் ஒருவருக்குத் தடித்த ஓரமும் மஞ்சள் எழுத்தும் தேவைப்படலாம். நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படுபவருக்குப் பச்சை டிக், சிவப்புப் பெருக்கல் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். வடிவத்தாலும் வேறுபடுத்திக் காட்டும் ஐகான் அவருக்கு வேண்டும். அவர்களுக்குத் தீம் ஆடம்பரம் அல்ல. தமிழ்த் திரைக்கு ஏற்ற உயரத்தையும் கனத்தையும் யாராவது சரிசெய்ய நினைத்தாலும் அவர்களும் அதே கதவு வழியாகத்தான் போக வேண்டும். பட்டனின் முதன்மை நிறத்தை மட்டுமாவது பயனரே மாற்றிக்கொள்ளும் வசதி க்னோமில் 2024 செப்டம்பரில்தான் வந்தது.

கேடிஈ டெஸ்க்டாப் நேர்மாறான வழியில் போனது. எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். அதன் விலையும் தெரிந்தது. 2024 மார்ச்சில் ஒருவர் கேடிஈ-யின் தளத்திலிருந்து ஒரு முழுத் தீமை நிறுவினார். அவருடைய கோப்புகள் அழிந்துபோயின. தீமோடு வந்த ஸ்கிரிப்டில் இருந்த கோளாறு. கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. தீம் என்பது நிறப் பட்டியல் மட்டும் அல்ல, உங்கள் கணினியில் எதையும் செய்யக்கூடிய நிரலும் அதற்குள் இருக்கலாம் என்று கேடிஈ குழுவே எச்சரிக்க வேண்டி வந்தது. ஊரெல்லாம் கள்ள விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய காலத்தை நினைத்துப் பார்த்தால் இது புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட தீம்களை மட்டுமே எக்ஸ்பி ஏற்கும். அதை மீற ‘யுஎக்ஸ்தீம்’ என்ற கணினிக் கோப்பையே மாற்றி எழுதும் ஒட்டுகள் உலவின. எக்ஸ்பியை விஸ்டா போலக் காட்டும் மாற்றுத் தொகுப்புகளும் உலவின. பிரவுசிங் சென்டர்களில் அதைப் போட்டு வேகம் செத்துப்போன கணினிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இனி அரசின் பக்கம். 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்த சமயத்தில், தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அலுவலகங்கள் பெரிய ஆர்வம் காட்டவில்லை. அச்சுக்கருவி ஒத்துழைக்கவில்லை, பழைய வானவில் எழுத்துருக் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை என்று காரணங்கள் சொல்லப்படுவது வழக்கம். அவை உண்மையாகவே இருக்கட்டும். பத்து ஆண்டு ஒரு திரையைப் பார்த்துப் பழகிய உதவியாளருக்கு முன்னால் வேறொரு திரையை வைக்கும்போது, அந்தத் திரையின் எழுத்து எப்படித் தெரிகிறது, உள்ளீட்டு முறை தமிழ்99-ல் நிற்கிறதா ஆங்கிலத்தில் நிற்கிறதா என்று காட்டும் குறி கறுப்புப் பேனலில் கண்ணுக்குப் படுகிறதா என்பதெல்லாம் மனதை மாற்றும் விஷயங்கள். யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் அரசின் தரமாக 2010-லேயே அறிவித்துவிட்டோம். எழுத்து எந்தக் குறியீட்டில் சேமிக்கப்பட வேண்டும் என்று ஆணை இருக்கிறது. அது திரையில் படிக்கும்படி தெரிய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. இத்தகைய கொள்முதலில் நினைவகம் எத்தனை ஜிபி, திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் என்று தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் ஒப்பந்தப் புள்ளி பக்கம் பக்கமாகக் கேட்கும். அதில் முன்னிருப்புத் தோற்றம் குறித்து நாலு வரி சேர்த்தால் செலவு ஒன்றும் கூடிவிடாது: தமிழ் இடைமுகத்தில் எந்த எழுத்தும் வெட்டுப்படக் கூடாது, எழுத்து வேறுபாடு 4.5-க்குக் குறையக் கூடாது, டேப் வளையம் தெரிய வேண்டும், உயர் வேறுபாட்டுத் தீம் ஒன்று கூடவே இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நடைமுறையில் இருக்கும் நாட்டில் கடைசி வரிக்குத் தனியாக வாதாட வேண்டியதும் இல்லை.

சோதிப்பதும் பெரிய வித்தை அல்ல. ஜிடிகே நூலகத்தோடு ‘விட்ஜெட் ஃபேக்டரி’ என்ற சிறு நிரல் வருகிறது. பட்டன், டிக் பெட்டி, பட்டியல், உருள்பட்டை என எல்லா உறுப்புகளையும் எல்லா நிலைகளிலும் ஒரே விண்டோவில் வரிசையாகக் காட்டும். தீம் செய்பவர்கள் பயன்படுத்துவதுதான். அதோடு டெஸ்க்டாப்பின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, கோப்பு மேலாளரையும் அமைப்புகளையும் ஒரு முறை திறந்து பார்த்து, ‘கண்ணுண்ணி’, ‘ஞாயிற்றுக்கிழமை’, ‘ஸ்ரீரங்கம்’, ‘கூழமந்தல்’ என்று நாலு ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்து, மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் ஒரு படிவத்தை நிரப்பிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பாதிக் குட்டு வெளிப்பட்டுவிடும். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுத்து வருகிறது. அதுபோன்ற குழுக்களின் பயிற்சிப் பட்டறைகளில் தீம் மாற்றுவது எப்படி என்ற பாடத்தோடு, தீமைத் தோற்கடிப்பது எப்படி என்பதையும் ஒரு போட்டியாக வைக்கலாம். இரண்டாவதில்தான் பிள்ளைகளுக்கு உற்சாகம் அதிகம் இருக்கும். அவர்கள் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு வெட்டுப்பட்ட ‘கூ’வையும் அந்தத் தீமின் மூலக் களஞ்சியத்தில் பிழை அறிக்கையாகப் பதிவு செய்ய, ஒரு கணக்கும் படம் ஒன்றும் போதும். அங்கே ஸ்கிரீன்ஷாட்டுக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது.